நான் தப்பாகச் சொல்லிவந்த கதை

பிடித்த எழுத்தாளர் யார் என்று யாராவது கேட்டால் நான் யோசித்ததே இல்லை. கு. அழகிரிசாமி என்று பட்டென்று சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருஷமாக இதே பதில்தான். அந்தப் பதிலில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் என்றால் எல்லோரும் சொல்வது. ஜானகிராமன் என்றால் எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி சிரிப்பார். சுஜாதா என்றால் உடனே தன் பட்டியலை எடுத்து விரிப்பார். அழகிரிசாமி என்று சொன்னால் மட்டும் ஒரு கணம் பேச்சு நிற்கும். ‘அட, ஆழமான ஆள் போலிருக்கிறதே’ என்று அவர் என்னை மறுபடி ஒரு முறை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை வருஷமும் அந்தப் பெயரைச் சொல்லிவந்தேனோ என்ற சந்தேகம் சில மாதங்களாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அதற்குக் காரணமான பெண்ணுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது.

மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை பேசும் சின்னக் குழு எங்களுடையது. அந்த மாதம், குழந்தைகள் வரும் கதைகள் என்று முடிவாகியிருந்தது. நான் ‘அன்பளிப்பு’ கதையைச் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன். அதற்காகப் புத்தகத்தைத் தேடி எடுக்கக்கூட இல்லை. எனக்கு எதற்கு அது? எத்தனை பேருக்குச் சொன்ன கதை! பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அவர்மேல் உயிர். அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்கு அவர்களுக்குள் அடிதடியே நடக்கும். ஒரு நாள் அவர் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி கொண்டுவந்து, ஆளுக்கொன்றாகப் பெயரெழுதிக் கொடுக்கிறார். அவர்களோடு கூடவே சுற்றும் சாரங்கன் என்ற பையனுக்கு ஒன்றுமில்லை. இதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னேன். பிறகு, அவருக்கு மனசு உறுத்தி மூன்றாவது டைரி ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு பையனின் வீட்டுக்கே போகிறார் என்றும், ‘பிரியமுள்ள சாரங்கனுக்கு’ என்று எழுதி அவன் கையில் கொடுக்கிறார் என்றும் சொல்லி முடித்தேன். எனக்கே தொண்டை அடைத்தது. கேட்டவர்களும் சற்று நேரம் பேசவில்லை.

“சார், அப்படி இல்லை” என்றாள் அந்தப் பெண். குரல் தாழ்ந்துதான் இருந்தது. “டைரியை அவர் கொண்டுபோகவில்லை. அந்தப் பையன்தான் எடுத்து நீட்டுகிறான்.”

“இல்லையம்மா, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது” என்றேன். வயதில் மூத்தவன், முப்பது வருஷமாகப் படிப்பவன் என்ற மிதப்பில் ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டேன். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. தலையசைத்துவிட்டு நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வாதாடியிருந்தால் அன்றோடு மறந்துபோயிருப்பேன். வாதாடாமல் குனிந்துகொண்டதுதான் வீடு வரைக்கும் கூட வந்தது.

கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு

தொகுப்பு மேல்தட்டில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். முதலில் உறைத்தது, புத்தகம் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதுதான். முதுகில் ஒரு மடிப்பு இல்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சன்னமாகச் சத்தமிட்டன. எனக்கு உயிரான எழுத்தாளரின் புத்தகம், கடையில் இருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. நின்றபடியே ‘அன்பளிப்பு’ கதையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.

அவள் சொன்னதுதான் சரி. சாரங்கன்தான் அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். பெரிய மனிதனைப்போல் வரவேற்று உட்காரவைக்கிறான், உபசரிக்கிறான். பிறகு டைரியை எடுத்து நீட்டி எழுதச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்லிக்கொடுக்கிறான்: பிரியமுள்ள என்று போட்டு, தன் பெயரைப் போட்டு, அன்பளிப்பு என்று. கதை அத்தோடு நின்றுவிடுகிறது. அவர் எழுதும்போது கை நடுங்கியதா, அவனை அணைத்துக்கொண்டாரா, மன்னிப்புக் கேட்டாரா என்பதற்கெல்லாம் அழகிரிசாமி இடமே வைக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்து வாங்கிவைத்த மூன்றாவது டைரி அந்தக் கதையில் எங்குமே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக 1995 என்று என் கையெழுத்து. அதாவது, இருபத்தோரு வயதில் நான் இந்த வரியைப் படித்திருக்கிறேன், அடிபட்டிருக்கிறேன், கோடும் போட்டிருக்கிறேன். பிறகு எப்போதோ, எனக்கே தெரியாமல், அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவைத்துக்கொண்டேன். இந்த முப்பது வருஷத்தில் ஊர் ஊராகச் சொல்லித் தொண்டை அடைத்துக்கொண்டது நான் எழுதிய கதைக்காக. அழகிரிசாமியின் பெயரை அதற்கு இரவல் வாங்கியிருக்கிறேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. என் கதை கொடுப்பவரின் கதை. அவர் ஒரு தப்புச் செய்கிறார், உணர்கிறார், சரிசெய்துவிடுகிறார். கேட்பவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அழகிரிசாமியின் கதையில் கொடுப்பவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. அவர் கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. குழந்தைகள்மேல் நிஜமான பிரியம் உள்ளவர்தான். அந்தப் பிரியம் ஒருவனைத் தொடாமல் அவன் பக்கத்திலேயே போய்வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவர் குற்றம். தெரியவைப்பது பையன். அழுது கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தனக்கு வந்திருக்க வேண்டிய பரிசைத் தானே ஏற்பாடு செய்துகொண்டு, ‘கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்’ என்பதுபோல் நீட்டுகிறான். அந்த இடத்தில் பெரியவருக்கு மிச்சம் இருப்பது எழுதித்தரும் கை ஒன்றுதான். இதை எப்படி என்னால் மாற்றிவிட முடிந்தது? ஏன் மாற்றினேன் என்பது எனக்குத் தெரியும். என் வாழ்க்கையிலும் ஒரு சாரங்கன் உண்டு. அவனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

தேய்ந்த முதுகுகள்

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வாய்க்கு வாய் சொல்லும் பெயர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். கை எங்கே போயிருக்கிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. புத்தகம் பொய் சொல்லாது. எது நைந்திருக்கிறது, எது தானாக எந்தப் பக்கத்தில் திறக்கிறது, எதன் அட்டையை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் மேடை போட்டுப் பேசிய பலர் மினுமினுவென்று இருந்தார்கள். யாரிடமும் பெயரே சொல்லாத சிலர் கிழிந்து தொங்கினார்கள். பிடித்தமான நாவல்களில் முதல் மூன்றில் ஒன்றாக நான் சொல்லும் புத்தகம் ஒன்றின் நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக இருந்தது. நாற்பத்தொன்றுக்குமேல் நான் போயிருக்கிறேனா என்று சத்தியமாக நினைவில்லை. அந்த நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். அதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

திரும்பத் திரும்பப் படிப்பது என்றால் எனக்குத் தெரிந்து முதல் ஆள் என் அம்மா. ‘பொன்னியின் செல்வ’னை எத்தனை முறை படித்திருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்ததை அவளுடைய அப்பா பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்திருந்தார். மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அந்தத் தொகுதிகள் அம்மாவோடு வந்துவிட்டன. பைண்டு செய்தவர் ஓரத்தைச் சற்று தாராளமாக வெட்டிவிட்டதால், பல பக்கங்களில் வரிக்கடைசியில் ஓர் எழுத்து இருக்காது. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண் அந்த இடத்துக்கு வரும்போது எழுத்தை மனசே போட்டுக்கொள்ளும். இதைவிட வேடிக்கை, நடுவில் ஒரு வாரத்து இதழே கிடையாது. தாத்தா தவறவிட்டாரோ, யாராவது இரவல் வாங்கித் திருப்பித்தரவில்லையோ. அந்த இடத்தைத் தாண்டித்தான் அம்மா வருஷக்கணக்கில் படித்திருக்கிறாள். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு ஆளாளுக்கு அச்சிட ஆரம்பித்தார்களே, அப்போது ஒரு செட் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். விட்டுப்போன அத்தியாயத்தை மட்டும் தேடி எடுத்துப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “இது இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது” என்றாள். புதிய செட் அப்படியே இருக்கிறது. பழைய தொகுதிகள்தான் இன்னமும் கட்டில் பக்கத்தில்.

நான் கல்லூரிக் காலத்தில் இதைக் கேலி செய்திருக்கிறேன். சிறுபத்திரிகை படிக்க ஆரம்பித்த புதிது. முடிவு தெரிந்த தொடர்கதையை மறுபடி மறுபடி படிப்பது சோம்பேறி வாசிப்பு என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு வருஷம், கடைசித் தொகுதியை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியபடி, “ஆதித்த கரிகாலன் இந்தத் தடவையும் தப்பிக்கவில்லை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முழுக்கச் சிரிப்பாகவும் இல்லை. அவனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமில்லாமல் உடைத்துச் சொல்லாமல் விட்டார் அல்லவா? அம்மாவின் சந்தேகம் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஆள் மாறும். இப்படிச் சந்தேகப்பட்டபடியே ஐம்பது வருஷம் ஒருத்தி ஒரு கதைக்குள் போய்வருவது சோம்பேறித்தனம் என்றால், நாற்பதாம் பக்கத்தில் டிக்கெட் வைத்துவிட்டுக் கட்டுரை எழுதுவதற்கு என்ன பெயர்?

அசோகமித்திரன் விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் அலமாரியில் மிக மோசமாகத் தேய்ந்த முதுகு அவருடைய சிறுகதைத் தொகுதியினுடையது. யார் கேட்டும் அவர் பெயரை நான் சொன்னதில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: அந்தத் தொகுதி முழுக்க ஒரு பென்சில் கோடு கிடையாது. மற்ற புத்தகங்களில் எல்லாம் இருபது வயதில் கோடுகளாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். ஜெயகாந்தனிடம் பக்கத்துக்கு நான்கு, அதில் பாதி ஆச்சரியக்குறிகளோடு. அசோகமித்திரனிடம் எங்கே கோடு போடுவது? எடுத்துக் காட்டும்படி ஒரு வாக்கியம் கிடைக்காது. எல்லாம் ஒன்றுபோல், சாதாரணமாக, வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல் போய்க்கொண்டிருக்கும். ‘புலிக்கலைஞன்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா ஸ்டூடியோ ஒன்றுக்கு வேலை கேட்டு வருகிறான் காதர். புலிவேஷக்காரன். ‘டகர் பாயிட்’ செய்வேன் என்கிறான். ‘டைகர் ஃபைட்’டைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று புரிவதற்கே அங்கிருப்பவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. பிறகு அந்த அறையிலேயே புலியாகிக் காட்டுகிறான். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். அடுத்த நிமிஷம் புலி போய்விட, மறுபடியும் அங்கே நிற்பது வேலைக்குக் கெஞ்சும் மனிதன். பின்னர் அவனுக்குப் போடும் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர் எழுதியது. அப்படி எத்தனை பேர் அவர் மேஜைக்கு எதிரில் வந்து நின்றிருப்பார்களோ.

இந்தக் கதையை ஏன் இத்தனை தடவை படித்தேன் என்று யோசித்தால், ஒவ்வொரு தடவையும் அந்தப் புலியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றுதான் போகிறேன் போலிருக்கிறது. ஆனால் போனால் கிடைப்பது புலி இல்லை. போன முறை என் கண்ணில் பட்டது, அவன் புலியாக இருந்த நேரத்தைவிட, புலியாவதற்கு முன்னும் பின்னும் கதவருகே நின்ற நேரம்தான் கதையில் அதிகம் என்பது. அதற்கு முந்தைய முறை, உதவ முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களின் தர்மசங்கடம். நான் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார ஆரம்பித்தபிறகு படித்த வாசிப்பு அது. ‘அன்பளிப்பு’ கதையை நான் மாற்றியதுபோல் இதை மாற்ற முடியவில்லை, கவனித்தீர்களா? அடிக்கடி போய்வந்த காரணத்தால் நினைவு அதில் கை வைக்கவில்லை. தூரத்தில் வைத்துக் கும்பிட்ட கதையைத்தான் நினைவு தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டது.

திரும்பிப் போகப் பயப்படுகிற இடங்களும் உண்டு. ‘மோகமுள்’ எனக்கு அப்படி. இருபத்திரண்டு வயதில் ஒரே மூச்சில் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திரிந்தேன். அதன்பிறகு இருபத்தெட்டு வருஷம் தொடவில்லை. சென்ற ஆண்டு துணிந்து எடுத்தேன். பாபுமேல் எரிச்சல் வந்தது. யமுனாவின் முன்னால் அவன் உருகும் இடங்களில் எல்லாம், ‘போதும் எழுந்திரு’ என்று சொல்லத் தோன்றியது. நான் யார் பின்னால் போய்க்கொண்டிருந்தேன் என்றால் அவனுடைய அப்பா வைத்தியின் பின்னால். பையனை நம்பி, அவன் பாட்டை நம்பி இருக்கும் அந்த மனிதர் வரும் பக்கங்கள் போதாதா என்று ஏங்கினேன். ஜானகிராமன் அப்படியேதான் இருக்கிறார். இருபத்திரண்டு வயதுக்காரன் அந்தக் கட்சியில் இருந்து விலகி இந்தக் கட்சிக்கு வந்துவிட்டான். இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாள் திரிச்சலைத் திருப்பித்தர முடியுமானால் இந்தப் பக்குவத்தைக் கொடுத்துவிடுவேன்.

என்னைவிட இளையவர்கள்

எனக்கு இப்போது 52 வயது. சென்ற மாதம் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டேன். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்து 1948இல் போனார்: 42. கு.ப. ராஜகோபாலன் 1902, 1944: அவருக்கும் 42. அழகிரிசாமி 1923, 1970: 46. நான் ‘முன்னோர்’ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எனக்குத் தம்பிகளாகிவிட்டார்கள். அழகிரிசாமியின் ஊர்க்காரர், ஒத்த வயதுக்காரர், கூடவே வளர்ந்தவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கி.ரா. 2021 வரை இருந்தார். நண்பர் போனபிறகு ஏறக்குறைய 51 ஆண்டுகள். இடைசெவலில் ஒன்றாகச் சுற்றிய இருவரில் ஒருவர் கிழவராகி, ஊர் முழுக்க ‘நைனா’ என்று கூப்பிடும் தாத்தாவாகிவிட, மற்றவர் 46இலேயே நின்றுவிட்டார். தொண்ணூறு தாண்டியபின் அந்தக் கடிதங்களில் ஒன்றை எடுத்துப் படித்திருந்தால், கி.ரா.வுக்கு அது நண்பனின் குரலாகக் கேட்டிருக்குமா, பேரன் வயதுப் பையன் ஒருவனின் குரலாகக் கேட்டிருக்குமா?

புதுமைப்பித்தனிடம் நான் இளவயதில் போனது கிண்டலுக்காக. ‘பொன்னகரம்’ கதையின் கடைசியில் வாசகனை நேருக்கு நேர் பார்த்து அவர் எறியும் அந்தக் கேள்வியை விடுதி அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையோடு பட்டணத்துத் தெருவில் நடக்கவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ‘செல்லம்மாள்’ கதையை மட்டும் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர், நோயாளி மனைவி, வாடகை வீடு. வேலை முடித்து வருகிறார், பணிவிடை செய்கிறார், மறுபடி வேலைக்குப் போகிறார். எங்கே வருவார் இதில் என் புதுமைப்பித்தன் என்று தேடினேன். இழவு வீட்டுக்கு வழிதவறிப் போனதுபோல் இருந்தது. திரும்பிவிட்டேன்.

அப்பா ஒன்பது மாதம் படுக்கையில் இருந்தார். நானும் அம்மாவும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கு ஒரு விதம் உண்டு: தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, ‘இப்போது’ என்று சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். சொல்லாமல் திருப்பினால் பயந்துவிடுவார். அந்த ‘இப்போது’ என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். அவர் போன அன்று அதிகாலை, எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பெயர் வைக்கத்தான் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அந்த ஒன்றை உள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினேன்.

பிறகுதான் ‘செல்லம்மாள்’. ஏன் அன்று அதை எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வேறு ஏதோ கதையைத் தேடப்போய் அந்தப் பக்கம் திறந்தது. கதை அவள் சாவில்தான் ஆரம்பிக்கிறது. மூச்சு ஒடுங்கிவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். பக்கத்தில் பிரமநாயகம் பிள்ளை. அலறவில்லை, விழுந்து புரளவில்லை. ஆகவேண்டியதைச் செய்கிறார். அந்த இடத்தில் துக்கத்தோடு துக்கமாக, பாரம் இறங்கியதுபோன்ற ஒரு நிம்மதியும் இருக்கிறது. புதுமைப்பித்தன் அதை ஒளிக்கவில்லை, கண்டிக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. வருஷக்கணக்கில் ஒரு நோயாளியைத் தொட்டுத் தூக்கிய ஒருவருக்கு அப்படித்தான் இருக்கும் என்பதுபோல் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். நான் அந்தப் பத்தியைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதியபோது அந்த மனிதருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கிண்டல்காரர் என்று நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். எங்கே இருந்து தெரிந்தது அவருக்கு?

அதன்பிறகு அந்தக் கதையை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கும் அம்மாவைப்போலவே கணக்கில்லை. கதை சாவில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதால், படிக்கப் படிக்கச் செல்லம்மாள் பிழைத்துக்கொண்டே வருகிறாள். சோர்ந்து கிடக்கிறாள், பேசுகிறாள், ஊருக்குப் போகவேண்டும் என்கிறாள், அவரைக் கடிந்துகொள்கிறாள். பிறகு மறுபடி போகிறாள். முதல் தடவை படிக்கிறவனுக்குத்தான் அது சோகக்கதை. திரும்பி வருகிறவனுக்கு அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறாள் என்பதுதான் கதை. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பிடித்த எழுத்தாளர் யார் என்ற கேள்விக்குப் பதிலாக இதைச் சொல்லவும் முடியாது. விமர்சகர் க.நா.சு. காலத்தில் இருந்து நமக்குப் பட்டியல் போடுவதில் தனி ருசி உண்டு, அதற்காகச் சண்டை போடுவதிலும் உண்டு. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கலாம். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்த கையை எங்கே சேர்ப்பது?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழகிரிசாமி தொகுதியைக் கையோடு கொண்டுபோனேன். எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெண்ணிடம், “நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாகச் சொன்னேன்” என்றேன். கடைசிப் பக்கத்தையும் கோட்டையும் காட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள், வருஷத்தைப் பார்த்தாள். “நான் அப்போது பிறக்கவே இல்லை சார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றி பெற்ற தோரணை எதுவும் அவளிடம் இல்லை. அவளுக்கு அது ஒரு தகவல் பிழை, சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். புதுமைப்பித்தன் படிக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். எல்லாம் பிடித்திருக்கிறதாம், கந்தசாமிப் பிள்ளையைப் படித்துவிட்டு விடுதியில் தோழிகளுக்கு நடித்தே காட்டினாளாம். “ஆனால் செல்லம்மாள் என்று ஒரு கதை சார், இரண்டு பக்கத்துக்குமேல் போகமுடியவில்லை. வைத்துவிட்டேன். படித்தே ஆகவேண்டுமா?”

சொல்ல நிறைய இருந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது.

“இருக்கட்டும்” என்றேன்.